பிளைபர்க் கோவில் கூரையில் இருக்கும் சம்மனசுகளைச் சுட்டது யார்?

பனைமரத்தடி
இங்கிலாந்தின் சஃபோக் கரையோரம் போனவர்களுக்கு பிளைபர்க் ஹோலி டிரினிட்டி கோவில் தெரிந்திருக்கும். நாலு தெரு உள்ள ஊர், ஆனால் சதுப்பு நிலத்துக்கு மேலே அவ்வளவு பெரிய கோவில். உள்ளே போய் நிமிர்ந்து பார்த்தால் கூரை முகட்டில் மரத்தால் செய்த சம்மனசுகள், அதாவது வானதூதர்கள். முதுகோடு முதுகு ஒட்டி, ஒருவர் கிழக்கே பார்க்க ஒருவர் மேற்கே பார்க்க, சிறகை அகல விரித்துக்கொண்டு இருக்கிறார்கள். பைனாகுலரில் பார்த்தேன், உடம்பிலும் சிறகிலும் துளைகள். அங்கே இருந்த பெரியவர் ஒருவர், "கிராம்வெல்லின் சிப்பாய்கள் சுட்டது" என்று உறுதியாகச் சொன்னார்.

மூன்று சந்தேகம். ஒன்று, இது உண்மையா? இரண்டு, வடக்கு வாசல் கதவில் கருகிய தழும்புகள் இருக்கின்றன, அது பேய்நாயின் நகக்கீறல் என்கிறார்கள், அது என்ன கதை? மூன்று, இவ்வளவு பெரிய கோவில் உள்ளே ஏன் இப்படி வெறிச்சென்று வெள்ளையாக இருக்கிறது? கட்டும்போதே இப்படித்தானா?

சுண்ணாம்புக்கல்
சிப்பாய்க் கதையை விடுங்கள். பழுதுபார்த்தபோது மரத்திலிருந்து எடுத்தது பறவை சுடும் ஈய ரவை. 18ஆம் நூற்றாண்டில் கூரைக்குள் காக்கை இனத்து ஜாக்டா பறவைகள் கூடு கட்டித் தொல்லை கொடுத்தன. அவற்றைச் சுட ஆள் வைத்துக் காசு கொடுத்தது கோவில் கணக்கிலேயே இருக்கிறது. பறவைக்கு வைத்த குறி சம்மனசு மேல் பட்டது, அவ்வளவுதான்.

பெரியவர் சொன்னதிலும் ஒரு நூல் உண்மை உண்டு. வில்லியம் டௌசிங் என்று ஒருவர். உள்நாட்டுப் போர்க்காலத்தில், 1643 டிசம்பரில், மான்செஸ்டர் பிரபு அவருக்கு அதிகாரக் கடிதம் கொடுத்தார். கேம்பிரிட்ஜ்ஷயர், சஃபோக் இரண்டிலும் கோவில் கோவிலாகப் போய் 'மூடநம்பிக்கைப் படங்களை' அழிப்பது வேலை. இருநூற்றைம்பது கோவில் வாக்கில் போயிருக்கிறார், நாட்குறிப்பும் எழுதினார். பிளைபர்க்குக்கு 1644 ஏப்ரலில் வந்தார். இருபது வானதூதர்களை இறக்கச் சொல்லி உத்தரவு போட்டுவிட்டுப் போனார். அவ்வளவு உயரத்துக்கு ஏணி கட்டி ஏறுவது யார்? பாதிக்குப் பாதி இன்னும் மேலேதான் இருக்கிறது.

கதவுக்கு: 1577 ஆகஸ்ட் 4, ஞாயிறு. பூசை நேரத்தில் பெரும் இடிமழை. கோபுரத்தின் கூர்முனை கூரையைப் பிளந்துகொண்டு உள்ளே விழுந்தது, ஒரு ஆளும் ஒரு பையனும் இறந்தார்கள். அதே நாளில் பங்கே ஊர்க் கோவிலிலும் இடி. கருப்பு நாய் வந்தது என்று லண்டனில் உடனே துண்டுப்பிரசுரம் அச்சாகி விற்றது. கதவுத் தழும்புகளைப் பற்றி என் கருத்து: மெழுகுவத்திச் சுடரை வேண்டுமென்றே பிடித்துச் சுட்டது. அந்தக் காலத்து வீட்டு உத்திரங்களில், கதவு நிலைகளில், அடுப்பங்கரை விட்டங்களில் எல்லாம் இதே கண்ணீர்த்துளி வடிவம் கிடைக்கிறது. தீ, தீவினை அண்டாமல் இருக்கச் செய்த காப்பு.

சும்மாஎட்டிப்பார்த்தேன்
பேய்நாயே நன்றாக இருந்தது சார். கெடுத்துவிட்டீர்கள்.

கிழக்குக்கரை
நான் இருப்பது இப்ஸ்விச். இந்தப் பக்கத்தில் எந்தக் கோவிலுக்குப் போனாலும் உடைந்த மூக்கு, சுரண்டிய முகம் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: கிராம்வெல். எந்தக் கிராம்வெல் என்று கேட்டால் விழிப்பார்கள். இரண்டு பேர், நடுவில் நூறு வருடம்.

முதல் ஆள் தாமஸ் கிராம்வெல், எட்டாம் ஹென்றியின் அமைச்சர், 1540இல் தலை போனது. இரண்டாவது ஆள் ஆலிவர் கிராம்வெல், உள்நாட்டுப் போரில் மன்னருக்கு எதிராக நின்ற பாராளுமன்றத் தளபதி, பிறந்ததே 1599இல். ஆலிவர் பிறப்பதற்கு முன்பே, இங்கிலாந்து கத்தோலிக்கத்தை விட்டு விலகிய சீர்திருத்தக் காலத்திலேயே, பெரும்பாலான வேலை முடிந்துவிட்டது. வரிசையாகப் பாருங்கள். 1538இல் சுரூபங்களுக்கு (புனிதர் சிலைகளுக்கு) முன்னால் விளக்கு எரியக் கூடாது, ஊர்க் கோவிலில் ஆங்கில பைபிள் வைக்க வேண்டும் என்று ஆணை. 1547இல் சிறுவன் ஆறாம் எட்வர்ட் பட்டத்துக்கு வந்ததும், இறந்தவர்களுக்காகப் பூசை வைக்க விட்டுப்போன சொத்தெல்லாம் அரசுக்கு. அடுத்த ஆண்டு சுரூபங்கள் எல்லாம் வெளியே. 1550இல் கல் பீடங்களை இடித்து மரமேசை போடச் சொன்னார்கள். 1553இல் மேரி ராணி வந்து, எல்லாவற்றையும் திரும்ப வையுங்கள் என்றார். 1559இல் எலிசபெத் வந்து மறுபடி வெளியே. 1561இல் பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் தொங்கும் இயேசுவின் சிலை) நின்ற மேல்தளத்தையும் கழற்றச் சொல்லி உத்தரவு.

இதையெல்லாம் செய்தது ராணுவம் இல்லை. அந்தந்த ஊர்க்காரர்கள் தேர்ந்தெடுத்த வார்டன்கள், அதாவது கோவில் பொறுப்பாளர்கள். ஆள் கூலி, சுண்ணாம்பு விலை எல்லாம் அவர்கள் கையாலேயே கணக்கில் எழுதி வைத்திருக்கிறார்கள். பல ஊரில், போன வருடம் கட்டியதற்கும் இந்த வருடம் இடித்ததற்கும் ஒரே கையெழுத்து. 'கிராம்வெல் சிப்பாய்' கதை ஊருக்கு வசதியான கதை. உடைத்தது வெளியாள் என்று ஆகிவிடுகிறது இல்லையா?

பங்குப்பிள்ளை
மூன்றாவது கேள்விக்கு நான் வருகிறேன். வெறிச்சென்று இல்லவே இல்லை. 1500 வாக்கில் ஒரு ஊர்க்காரர் உள்ளே நுழைந்தால் என்ன பார்த்திருப்பார் என்று சொல்கிறேன். நம்மூர் கத்தோலிக்கருக்கு இதில் பாதி பழக்கமான சாமான்தான்.

தெற்கு வாசலில்தான் நுழைவார்கள். வாசல் மண்டபமே சும்மா இல்லை. கல்யாணத்தின் முதல் பாதி, வாக்குக் கொடுப்பது, அங்கேதான் நடக்கும். நுழைந்ததும் வலது கைப்பக்கம் தீர்த்தக் கல். எதிர்ச் சுவரில் ஆள் உயரத்தைவிடப் பெரிதாகப் புனித கிறிஸ்டோபர், தோளில் குழந்தையோடு ஆறு கடப்பார். அவர் படத்தைப் பார்த்தால் அன்றைக்குத் துர்மரணம் இல்லை என்று நம்பிக்கை. அதனால்தான் எட்டிப் பார்த்தாலே தெரிகிற மாதிரி வாசலுக்கு நேரே வரைந்தார்கள்.

மேற்குக் கோடியில் ஞானஸ்நானத் தொட்டி. அதற்கு மூடியும் பூட்டும் கட்டாயம், 13ஆம் நூற்றாண்டிலேயே ஆயர்கள் விதித்தது. மந்திரித்த தண்ணீரை யாராவது மாந்திரீகத்துக்குக் களவாடிவிடுவார்கள் என்ற பயம். பழைய தொட்டிகளின் விளிம்பில் பூட்டு பிடுங்கிய இடம் இன்றும் சில்லு சில்லாக உடைந்திருக்கும், கை வைத்துப் பாருங்கள். நார்ஃபோக், சஃபோக் இரண்டிலும் எட்டுப் பட்டைத் தொட்டிகள் உண்டு. ஏழு பட்டையில் ஏழு தேவதிரவிய அனுமானங்களை (ஞானஸ்நானம், திருமணம் போன்ற திருச்சடங்குகளை) செதுக்கி எட்டாவதில் வேறு ஒரு காட்சி வைப்பார்கள். இப்படி நாற்பது வாக்கில் மிச்சம் இருக்கின்றன. பாதிக்கு மேல் முகம் கிடையாது.

நடுக்கூடத்தில் ரொம்ப காலம் உட்கார இடம் இல்லை. நிற்பார்கள், மண்டியிடுவார்கள். சுவரோரம் ஒட்டி ஒரு கல்திண்ணை இருந்தால் உண்டு. பெஞ்சு பரவலானது 15ஆம் நூற்றாண்டில்தான். பிளைபர்க் பெஞ்சு முனைகளைப் பனைமரத்தடி கவனித்தீர்களா? தலையான பாவங்கள் அங்கே உட்கார்ந்திருக்கின்றன. சோம்பல் கட்டிலில் கிடக்கிறது. பேராசை பணப்பெட்டி மேல் உட்கார்ந்திருக்கிறது. பெருந்தீனிக்குத் தொந்தி. அவதூறு பேசுகிறவனுக்கு நாக்கு வெளியே தொங்குகிறது. குடிகாரன் காலைக் கட்டையில் மாட்டியிருக்கிறார்கள். பூசை நேரத்தில் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க இந்தத் தலைகள்தான் வசதி, நூற்றாண்டுக்கணக்கில் கை பட்டு வழவழவென்று ஆகிவிட்டன.

கிழக்கே போனால் குறுக்கே செதுக்கிய மரக்கிராதி. கீழ்ப்பாதியில் தங்கப் பூச்சும் சிவப்பு பச்சை நிறமுமாகப் புனிதர்கள் வரிசை. மேல்பாதி திறந்த அழி, அதன் வழியே பூசை தெரியும். கிராதிக்கு மேலே ஒரு நடைதளம், அதற்கும் மேலே பெரிய பாடுபட்ட சுரூபம், இருபக்கம் மாதாவும் அருளப்பரும் (யோவான்). அதற்குப் பின்னால் வளைவு முழுக்கப் பொதுத்தீர்வை, அதாவது உலக முடிவில் வரும் தீர்ப்பு: ஒரு பக்கம் மோட்சம், ஒரு பக்கம் நரகத்தின் வாய். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அன்றாடம் அது கண்முன் நிற்கும். அப்புறம் விளக்குகள். ஒவ்வொரு சுரூபத்துக்கும் ஒரு விளக்கு, ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு சபை. இளைஞர் விளக்கு, கன்னியர் விளக்கு, உழவர்களின் ஏர் விளக்கு என்று.

கிராதிக்கு அந்தப் பக்கம் சான்சல், குருவானவரின் இடம். கல் பீடம், அதன் மேல்பலகையில் ஐந்து சிலுவை வெட்டியிருக்கும். தெற்குச் சுவரில் பாத்திரம் கழுவிய நீர் வடியக் கல்தொட்டி, அதை ஒட்டிக் குருமார் மூவர் உட்காரக் கல் இருக்கை. வடக்குச் சுவரில் பெரிய வெள்ளிக்கு நற்கருணையும் சிலுவையும் அடக்கம் செய்து உயிர்ப்பு ஞாயிறு வரை விடிய விடியக் காவல் இருக்கும் கல்லறை. லிங்கன்ஷயரில் ஹெக்கிங்டன் கோவிலில் அந்தக் கல்லறையில் தூங்குகிற காவலர்களைச் செதுக்கியிருப்பார்கள், அற்புதம்.

சும்மாஎட்டிப்பார்த்தேன்
அப்படியென்றால் கிராதிக்கு உள்ளே கருவறை, வெளியே மகாமண்டபம். நம் கணக்குதான்.

சுண்ணாம்புக்கல்
பாதி சரி. ஆனால் இங்கே கிராதிக்கு இந்தப் பக்கமும் பீடங்கள் உண்டு, கிராதியை ஒட்டியே சின்னப் பூசைகள் நடக்கும். வெளியே நிற்பவர் எட்ட நின்று பார்ப்பவர் மட்டும் இல்லை. கூடம் கட்டியதும் பராமரித்ததும் ஊர், சான்சல் மட்டும் குருவானவர் பொறுப்பு. அதனால்தான் பல ஊரில் கூடம் மாளிகை மாதிரியும் சான்சல் குட்டையாகவும் இருக்கும். கம்பளிப் பணம் வந்த ஊர்க்காரர்கள் கூடத்தை இடித்து இடித்து உயர்த்துவார்கள், குருவானவருக்குத் தன் பங்கில் காசு போட மனசு வராது.

கட்டுமானத்தையும் சொல்லிவிடுகிறேன். சஃபோக், நார்ஃபோக்கில் நல்ல கல் கிடையாது. வயலில் கிடைக்கும் தீக்கல்தான், கையளவு உருண்டை, மூலைக்கு ஆகாது. அதனால்தான் பழைய கோபுரங்களில் பல வட்டமாக இருக்கின்றன என்பார்கள். வாசல், சன்னல், மூலை, இதற்கெல்லாம் மட்டும் வெளியூர்ச் சுண்ணாம்புக்கல் படகில் வரும். 15ஆம் நூற்றாண்டில் இந்தக் குறையையே அலங்காரமாக்கிவிட்டார்கள். தீக்கல்லை உடைத்துக் கருப்பு முகத்தை வெளியே காட்டி, நடுவில் வெள்ளைக்கல்லால் எழுத்தும் வளைவும் பதிப்பார்கள். பிளைபர்க்கில் கிழக்குச் சன்னலுக்குக் கீழே வெளியில் போய்ப் பாருங்கள், ஒற்றை எழுத்துகள் வரிசையாக இருக்கும்.

சுவர் ஓவியம் பற்றி ஒன்று. இத்தாலி மாதிரி ஈரச் சாந்தில் வரைந்தது இல்லை. காய்ந்த சுண்ணாம்புப் பூச்சின் மேல் காவி, மஞ்சள் காவி, கரி, சுண்ணாம்பு வெள்ளை என்று மலிவு நிறங்கள். அதனால் சுலபமாக உதிரும். ஆனால் மேலே வெள்ளையடித்தால் பத்திரமாகத் தூங்கும்.

பனைமரத்தடி
கிழக்குக்கரை சொல்வதை அப்படியே ஒத்துக்கொள்ள முடியவில்லை. டௌசிங் இருநூற்றைம்பது கோவில் போயிருக்கிறார். அழிக்க ஒன்றுமே மிச்சம் இல்லையென்றால் எதற்குப் போனார்? கண்ணாடிச் சன்னல்களை உடைத்தது அவர்தானே?

கிழக்குக்கரை
நியாயமான கேள்வி. கண்ணாடியைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. எலிசபெத் காலத்தில் சன்னலை விட்டுவைத்தார்கள், காரணம் பக்தி இல்லை, வெற்றுக் கண்ணாடி போடச் செலவு. மழைக்காற்று உள்ளே வருமே. ஆகவே டௌசிங் வந்தபோது சன்னல்களும் கூரையும், கல்லறைத் தகட்டில் 'ஆன்மாவுக்காக மன்றாடுங்கள்' என்ற எழுத்தும்தான் பெரிதாக மிச்சம். நாட்குறிப்பில் திரும்பத் திரும்ப வருவது இவைதான். பீடங்களும் சுரூபங்களும் எண்பது வருடம் முன்பே போய்விட்டன.

ஊர்க்காரர்கள் அவருக்கும் தண்ணி காட்டியிருக்கிறார்கள். அஃபர்ட் என்ற ஊர்க் கோவிலில் ஞானஸ்நானத் தொட்டிக்கு மேல் மரத்தால் ஒரு மூடி, பதினெட்டு அடி உயரம், அடுக்கடுக்காகக் கோபுரம், உச்சியில் தன் மார்பைக் கொத்திக் குஞ்சுகளுக்கு ரத்தம் கொடுக்கும் பெலிக்கன் பறவை. கீழ் அடுக்கு மேல் அடுக்கை மூடியபடி மேலே ஏறிக்கொள்ளும், அதனால் மூடி முழுவதையும் தூக்காமலேயே ஞானஸ்நானம் கொடுக்கலாம். 1644 ஜனவரியில் போட்ட உத்தரவை ஊர் நிறைவேற்றவில்லை. ஆகஸ்டில் திரும்பி வந்தால் வார்டன்கள் கதவைத் திறக்காமல் மணிக்கணக்கில் காக்க வைத்தார்கள். அந்த மூடியைப் பற்றி டௌசிங் எழுதியதில் கோபத்தைவிட வியப்புதான் தெரிகிறது, பாப்பரசரின் மூன்றடுக்குக் கிரீடத்தோடு ஒப்பிடுகிறார். மூடி இன்றும் தொங்குகிறது. நிறங்கள் மங்கிவிட்டன, சுரூபங்கள் இருந்த மாடங்கள் காலி, ஆனால் மரவேலை அப்படியே இருக்கிறது.

பங்குப்பிள்ளை
வெள்ளையடித்தால் தூங்கும் என்று சுண்ணாம்புக்கல் சொன்னாரே, அதற்கு உங்கள் பிளைபர்க்கிலிருந்து இரண்டு மூன்று மைலில் சாட்சி உண்டு. வென்ஹாஸ்டன். அங்கே பொதுத்தீர்வையைச் சுவரில் வரையாமல் மரப்பலகைகளில் வரைந்து வளைவில் அடைத்திருந்தார்கள். சீர்திருத்தக் காலத்தில் வெள்ளையடித்தாயிற்று. 1892இல் கோவிலைப் பழுதுபார்த்தவர்கள், பழைய வெள்ளைப் பலகைதானே என்று கழற்றிக் கல்லறைத் தோட்டத்தில் போட்டார்கள். ராத்திரி மழை. சுண்ணாம்பு கரைந்து, காலையில் நிறங்களும் முகங்களும் தெரிந்தன.

அந்தப் பலகையில் நான் ரொம்ப நேரம் பார்த்தது ஓவியத்தை இல்லை, ஓவியம் இல்லாத இடத்தை. நடுவில் சிலுவை வடிவத்தில் வெற்று மரம், இரண்டு பக்கமும் ஆள் வடிவத்தில் வெற்று மரம். பாடுபட்ட சுரூபமும் மாதாவும் அருளப்பரும் பலகையோடு ஒட்டி நின்றதால் அவர்களுக்குப் பின்னால் நிறமே பூசவில்லை. சுரூபங்கள் எரிந்துபோய் நானூற்று எழுபது வருடம் ஆகியிருக்கலாம், எவ்வளவு உயரம், கை எங்கே இருந்தது என்று அளவெடுக்கலாம். தீர்ப்புக்கு வரும் ஆன்மாக்கள் நிர்வாணமாக இருக்கின்றன, தலையில் மட்டும் ராஜாவுக்குக் கிரீடம், ஆயருக்கு மகுடம்.

இதற்கு நேர் எதிரான காட்சி நார்ஃபோக்கில் பின்ஹம் கோவிலில். அங்கே கிராதியில் இருந்த புனிதர்கள் மேல் வெள்ளை பூசி, அந்த வெள்ளை மேல் கருப்பில் ஆங்கில பைபிள் வசனம் எழுதினார்கள். இப்போது அந்த வெள்ளை உரிந்துகொண்டிருக்கிறது. வசனத்தின் வரிகளுக்கு நடுவில் ஒரு கண், ஒரு கிரீடம், ஒரு தங்கக் கதிர்வட்டம் எட்டிப் பார்க்கிறது. ஒரே பலகையில் இரண்டு மதம்.

ஊர்க்கணக்கு
இழையை இப்போதுதான் பார்த்தேன். யார் உடைத்தது என்று பேசுகிறீர்கள், யார் காசு போட்டது என்று யாரும் பேசவில்லை.

சஃபோக்கிலேயே லாங் மெல்ஃபர்ட் கோவிலுக்குப் போங்கள். வெளிச்சுவரில், மேல் சன்னல் வரிசைக்கு அடியில், இன்னார் இன்னார் ஆன்மாவுக்காக மன்றாடுங்கள், இந்த வளைவை இன்னார் செலவில் கட்டியது என்று கல்லில் பதித்துச் சுற்றிலும் ஓடுகிறது. துணி வியாபாரிகள். ஜான் கிளாப்டன் பெயர் அதில் முக்கியமானது. உத்தரிக்கிற ஸ்தலத்தில் (மோட்சத்துக்கு முன் ஆன்மா பாவக்கடன் தீர்க்கும் இடத்தில்) எத்தனை நாள் கிடக்க வேண்டுமோ, அதைக் குறைக்கத்தான் இந்த முதலீடு. மன்றாட ஆள் வேண்டும், ஆள் வர நல்ல கோவில் வேண்டும். பெயர் தெரிய வேண்டும், அதனால் அடக்கமெல்லாம் கிடையாது. உத்தரிக்கிற ஸ்தலமே இல்லை என்று 1547இல் அரசு சொன்னதும் இந்தக் கட்டுமான வேகம் சடாரென்று நின்றது. ஊர்க் கோவில்களில் பெரிய வேலை எல்லாம் அதோடு சரி. உடைப்பைவிட அதுதான் எனக்குப் பெரிய மாற்றமாகத் தெரிகிறது.

அதே ஊரில் ரோஜர் மார்ட்டின் என்ற பழைய கத்தோலிக்க விசுவாசி, எலிசபெத் காலத்தில் உட்கார்ந்து, தன் சிறுவயதில் கோவிலில் என்னென்ன இருந்தது என்று நினைவிலிருந்து எழுதி வைத்தார். பீடத்தில் என்ன சிற்பம், நடைதளத்தில் ஆர்கன் எங்கே, குருத்து ஞாயிறு பவனி எந்த வழி. கோவிலிலிருந்து வந்த ஒரு சிற்பத்தை வீட்டில் வைத்திருந்தார், வாரிசுகள் ஒரு நாள் திரும்பக் கொண்டுபோய் வைப்பார்கள் என்று நம்பினார்.

பணக்கார ஊர் மட்டும் இல்லை. டெவனில் மோர்பாத், முப்பது சொச்சம் குடும்பம். குருவானவர் கிறிஸ்டபர் டிரிக்கி, 1520 முதல் 1574 வரை அதே ஊரில். ஊர் வரவுசெலவை அவரே எழுதி வாசித்துக் காட்டுவார். கோவிலுக்குச் சொந்தமாக ஆடுகள், ஒவ்வொரு வீட்டிலும் ஒன்றிரண்டு மேயும், கம்பளி விற்ற காசு சுரூபங்களின் விளக்குக்கு. இறந்தவர் பூசைக்குக் கருப்பு உடுப்பு வாங்க இருபது வருடம் சில்லறை சில்லறையாகச் சேர்த்தார். 1547இல் உடுப்பு வந்தது, அடுத்த வருடங்களில் அந்தப் பூசையே தடை. திருவுடைகளை ஊர்க்காரர்கள் தங்கள் வீடுகளில் பிரித்து வைத்திருந்து, மேரி காலத்தில் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதையும் அவரே எழுதியிருக்கிறார். கிழக்குக்கரை சொன்ன 'ஒரே கையெழுத்து' இதுதான், ஆனால் அந்தக் கையெழுத்தை வசதிக்குச் செய்தவன் கையெழுத்து என்று மட்டும் படிக்காதீர்கள்.

கிழக்குக்கரை
அப்படிச் சொல்லவில்லை ஐயா. ஊர்க்காரன் உடைத்தான் என்றால் விரும்பி உடைத்தான் என்று அர்த்தமில்லை. ஆணையை மீறினால் விசாரணை, அபராதம். கிராதியை அறுக்கச் சொன்னால் மேல்தளத்தை மட்டும் அறுப்பது, சுரூபத்தை எரிக்கச் சொன்னால் முகத்தை மட்டும் சுரண்டுவது, இப்படி உத்தரவின் கடைசி எல்லையில் நின்றிருக்கிறார்கள். அதனால்தான் நமக்கு நார்ஃபோக்கில் ரான்வொர்த் கோவிலின் கிராதி கிடைத்தது. சில கோவில்களில் நடைதளத்துக்கு ஏறும் படிக்கட்டை அடைக்கக்கூட இல்லை. சுவருக்குள் சுழன்று ஏறி, பத்தடி உயரத்தில் ஒரு வாசல், அதற்கு வெளியே ஒன்றுமே இல்லை.

சும்மாஎட்டிப்பார்த்தேன்
எல்லாம் சரி, சான்சல் குருவானவர் செலவு என்றீர்கள். இப்போது யார் செலவு? வார்விக்ஷயர் பக்கம் வீடு பார்த்துக்கொண்டிருக்கிறேன், சொலிசிட்டர் 'சான்சல் தேடல்' என்று முப்பது பவுண்டு பில் போட்டிருக்கிறார். ஏமாற்றுகிறாரோ?

ஊர்க்கணக்கு
ஏமாற்றவில்லை, கொடுத்துவிடுங்கள். மடங்களைக் கலைத்தபோது அவற்றின் கையில் இருந்த தசமபாகமும் (விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு வரி) நிலமும் தனியாருக்குப் போனது. சான்சல் பழுதுபார்க்கும் கடனும் கூடவே போனது. அது நிலத்தோடு ஒட்டிக்கொண்டு இன்றுவரை வருகிறது. உங்கள் வார்விக்ஷயரிலேயே ஆஸ்டன் காண்ட்லோ என்ற ஊரில் ஒரு தம்பதிக்கு இப்படித்தான் பில் வந்தது. பிரபுக்கள் சபை வரை வழக்குப் போய் 2003இல் தோற்றார்கள். கடைசியில் பழுதுச் செலவு மட்டும் ஒன்றே முக்கால் லட்சம் பவுண்டுக்கு மேல், வக்கீல் செலவு தனி.

2013 அக்டோபருக்குப் பிறகு கொஞ்சம் நிம்மதி. அந்தத் தேதிக்குள் கோவில் தன் உரிமையைப் பத்திரப்பதிவில் ஏற்றியிருக்க வேண்டும், இல்லையென்றால் அதன் பிறகு விலைகொடுத்து வாங்குபவரைப் பொதுவாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் விற்பவர் 2013க்கு முன்பே வாங்கியவராக இருந்தால், உங்கள் பெயர் பதிவாகும் வரை கோவில் தரப்பு இன்னும் ஏற்றலாம். தேடலில் ஏதாவது வந்தால் காப்பீடு எடுக்கச் சொல்வார், அதுவும் ஒரே ஒரு முறை கட்டுகிற சின்னத் தொகைதான். ஒன்று மட்டும்: அதற்கு முன்னால் நீங்களாகப் போய் கோவில்காரர்களிடம் விசாரிக்காதீர்கள், விசாரித்துவிட்டால் காப்பீட்டு நிறுவனம் பாலிசி கொடுக்கத் தயங்கும்.